வண்டிமேல் வீடு: எடையை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிரெய்லர்மேல் கட்டும் சின்ன வீடுகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. சுவரோடு மடங்கும் மேசை, படிக்கட்டுக்குள் இழுப்பறை, மேலே பரண் மாதிரி படுக்கை என்று எதையும் விடவில்லை. அடியில் கிடக்கும் டிரெய்லரைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. ஓய்வு பெறும்வரை சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் கன்டெய்னர் இழுத்தவன் நான், என் கண் அங்கேதான் போகும்.

என் அக்காள் மகன் நியூசிலாந்தில் இருக்கிறான். ஹேமில்டன் பக்கம் நண்பர் ஒருவரின் நிலத்தில் வைக்க இப்படி ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அங்கே 2.55 மீட்டர் அகலத்தையோ 4.3 மீட்டர் உயரத்தையோ தாண்டிய வண்டியைச் சாலையில் இழுக்க வேண்டுமென்றால் தனி விதிகள். ஆகவே 7 மீட்டர் நீளத்துக்குக் கட்டினாலும் தரைப்பரப்பு 18 சதுர மீட்டரை எட்டாது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) ஈரறை ஃபிளெக்ஸி வீடுகளில் சின்னது இருக்கிறதே, அதில் பாதி! இடம் இவ்வளவுதான் என்றதும் எல்லாரும் அளவுநாடாவை எடுத்துவிடுகிறார்கள். தராசு யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அந்த நாட்டில் 3.5 டன்னைத் தாண்டினால் அது கனரக டிரெய்லர், சட்டதிட்டமே வேறு. ஆஸ்திரேலியாவில் கேரவன் என்று பதிவு செய்ய 4.5 டன்தான் உச்சம். பெரிய எண்ணாகத் தோன்றும். இரும்புச் சட்டம், பலகை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கூரை என்று ஏற ஏற அது எங்கே போனதென்றே தெரியாது.

ஒருநாள் கூப்பிட்டு, "மாமா, குளியலறைக்கும் சமையலறைக்கும் டைல்ஸ் ஒட்டிவிடவா?" என்றான். பசையோடு சேர்த்தால் சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்குக் குறையாதுடா, அதுவும் வண்டி குலுங்குகிற குலுக்கலில் இடுக்கெல்லாம் விரிசல் விடும், பேசாமல் வைனல் விரிப்புப் போடு என்றேன். கேட்டுக்கொண்டான். அப்புறம் வரைபடத்தை அனுப்பினான். தண்ணீர்த் தொட்டி, ஃபிரிட்ஜ், சோலார் பேட்டரி மூன்றும் பின்கோடியில், ஒரே பக்கமாக! 200 லிட்டர் தொட்டி நிரம்பினால் அதுவே 200 கிலோ.

ஒருபக்கமாகச் சாமான் அடுக்கிய கன்டெய்னர் என்றால் முதல் வளைவிலேயே ஸ்டியரிங் சொல்லிவிடும். காருக்குப் பின்னால் கட்டும் டிரெய்லர் இன்னும் மோசம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது காரோடு இணையும் முன்கொக்கியில் உட்கார வேண்டும். பின்னால் கனத்தால் வேகம் எடுத்ததும் வாலாட்ட ஆரம்பிக்கும், பயந்துபோய் காரில் பிரேக்கை அழுத்தினால் காரையும் சேர்த்துத் திருப்பிப் போட்டுவிடும். தொட்டியை இப்போது சக்கர அச்சுக்கு நேர்மேலே, நடுவில் மாற்றிவிட்டான். ஃபிரிட்ஜ் விஷயத்தில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

சிங்கப்பூரில் இது ஏன் கூடாது என்று கட்டுரையாளர் ஆதங்கப்படுகிறார். லாசரஸ் தீவில் 2023 முதல் சோலார் மின்சாரத்தோடு இப்படிப்பட்ட வீடுகளில் தங்கலாம், மரினா சவுத் பியரில் படகேறிப் போய்ப் பார்க்கட்டும். ஆனால் குடியிருக்கவா? நாங்கள் ஓட்டிய கனரக வண்டிகளுக்கே நிறுத்துமிடம் இருக்கிறது என்று சான்றிதழ் காட்ட வேண்டிய ஊர் இது. வீட்டோடு வந்து எந்த புளோக்கின் கீழே நிறுத்துவது?

நம்மவர் பிள்ளைகள் பலர் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கிறார்கள். அங்கே வீட்டு விலையைப் பார்த்து மலைத்து, இந்த மாதிரி வீட்டுக்குப் பணம் அனுப்பும் பெற்றோரும் இருப்பார்கள். கட்டித்தரும் நிறுவனத்துக்குக் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் எடை மேடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வெறும் கூட்டை நிறுத்தி எடுத்த சீட்டு வேண்டாம், தொட்டி நிரப்பி, சாமான் ஏற்றி எடுத்ததாக இருக்கட்டும். முன்கொக்கியின் எடையைத் தனியாகக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிரெய்லர் ஓட்டுநர்,
ஜூரோங் வெஸ்ட்