பாப்பாவுக்காக நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். பிலியரி அட்ரீசியாவுக்கு, அதாவது கல்லீரல்ல இருந்து குடலுக்குப் பித்தம் போற குழாய் அடைபட்டுப் போற நோய்க்கு, ஆபரேஷன் முடிஞ்சு பாப்பா வீட்டுக்கு வந்துட்டா. மோஷன் மஞ்சளா போறா, அதாவது பித்தம் குடலுக்கு இறங்குது, பித்தம் தேங்கினா ரத்தத்துல ஏறற டைரக்ட் பிலிருபினும் இறங்கிட்டே வருது. இதுக்கு மேல விளக்கமா சொல்லவே வேணாம், உங்களுக்கே புரியும். நடந்தது எல்லாமும் உங்களுக்குத் தெரியும், அத மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்ல.

ரத்தம் குடுத்தவங்க, ராத்திரி மருந்து வாங்க ஓடினவங்க, பெரியவன தன் பிள்ள மாதிரி பாத்துக்கிட்ட என் நாத்தனார், ஆபரேஷன் முடியற வரைக்கும் வெளிய எங்க கூடவே உக்காந்திருந்தவங்க, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஐசியூ சிஸ்டருங்க, போன்ல அழுதப்ப எல்லாம் பொறுமையா கேட்டவங்க, உங்க எல்லாருக்கும் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கோம். ஒவ்வொருத்தரையும் நேர்ல வந்து பாக்கணும், வருவோம்.

ஆனா இன்னைக்கு நான் இத எழுத உக்காந்ததே ஒரு பொண்ணுக்காகத்தான். இந்த நோயப் பத்தி ஆராய்ச்சி பண்ற குழுவுல வேல செய்யற பொண்ணு, பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டா. ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு ஃபைலோட வந்தா. பாப்பாவோட ரெண்டு கையும் ஊசி குத்திக் குத்தி கன்னிப்போயி, கால்ல நரம்பு தேடிட்டு இருந்த நேரம் அது. ஆராய்ச்சிக்கு ரத்தம் வேணும்னு அவ சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் பதறிடுச்சு, இன்னொரு ஊசியான்னு. அவ உடனே, "இல்லக்கா, எனக்குன்னு தனியா குத்த வேண்டாம், ஆபரேஷனுக்கு எப்படியும் எடுப்பாங்க இல்ல, அதோட சேத்து ஒரு மில்லி போதும்"னா. கைக்குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு சுமார் 80 மில்லி ரத்தம்தான் இருக்குமாம், நாலு கிலோ குழந்தைன்னா மொத்தமே 320 மில்லி, அதனால ஒவ்வொரு மில்லிக்கும் கணக்கு வச்சிருக்கோம்னு அவதான் சொன்னா.

நான் நேரடியாவே கேட்டேன், இதால என் பாப்பாவுக்கு ஏதாவது நல்லது நடக்குமான்னு. "பாப்பாவுக்கு ஒண்ணும் கிடைக்காதுக்கா. பின்னாடி வர்ற குழந்தைங்களுக்கு உதவலாம். நீங்க வேண்டாம்னாலும் ட்ரீட்மென்ட்ல ஒரு குறையும் வராது"ன்னா. அந்த நாள்ல என்கிட்ட பேசின எல்லாரும் எல்லாம் சரியாயிடும் சரியாயிடும்னு தான் சொல்லிட்டு இருந்தாங்க, அன்பாத்தான் சொன்னாங்க, ஆனா என் மனசு நம்பினது இவ சொன்ன இந்த பதில மட்டும்தான். கையெழுத்து போட்டேன்.

மறுநாள் ரத்தம் எடுக்கறது தள்ளித் தள்ளிப் போச்சு. அவ ஐஸ் பாக்ஸ கையில வச்சிக்கிட்டு வார்டு வாசல்லயே நின்னா. நடுவுல ஒரு சிஸ்டர் பாவப்பட்டு, இப்பவே எடுத்துக் குடுத்துடறேன் நீ கெளம்புன்னு சொன்னாங்க, இவ கேக்கல, "அந்தக் குழந்தைய ரெண்டு தடவ அழ வைக்க வேண்டாம் சிஸ்டர், நான் இருக்கேன்"ன்னு அங்கயே இருந்துட்டா. சாயங்காலம்தான் எடுத்தாங்க. அதுக்கப்புறமும் அவ வீட்டுக்குப் போக முடியாது, ரத்தத்த அன்னைக்கே லேப் மெஷின்ல வேகமா சுத்தவிட்டு, சீரம்ங்கற தெளிஞ்ச பகுதிய பிரிச்சு உறைய வைக்கணும். ஒரே ஒரு ஊசிய மிச்சம் பண்ண ஒருத்தி தன்னோட ஒரு முழு நாளையே குடுத்தா. அத என்னால மறக்கவே முடியாது.

அந்த ரத்தத்துல எம்எம்பி-7னு ஒரு புரதம் எவ்வளவு இருக்குன்னு பாக்கறாங்களாம். பிலியரி அட்ரீசியா இருக்கற குழந்தைங்களுக்கு அது ரொம்ப அதிகமா இருக்கு, அத வச்சு மத்த மஞ்சக்காமாலைல இருந்து இத சீக்கிரமா பிரிச்சுக் கண்டுபிடிக்க முடியும்னு ஆராய்ச்சி நடக்குது. பாப்பாவுக்குப் பண்ணது கசாய் ஆபரேஷன், அடைபட்ட குழாய எடுத்துட்டு குடல நேரா கல்லீரலோட இணைக்கறது, பிறந்த 60 நாளுக்குள்ள அது நடந்தா பித்தம் இறங்கற வாய்ப்பு அதிகம், அதனால சீக்கிரம் தெரியறதுதான் இதுல எல்லாமே.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம கெடந்தப்ப இதெல்லாம் யார் யார் குடுத்ததுன்னு யோசிச்சேன். ஜப்பான்ல மோரியோ கசாய்னு ஒரு சர்ஜன் 1955-ல முதல் தடவ இந்த ஆபரேஷன பண்ணாரு, அதுக்கு முன்னாடி இந்த நோயோட பிறந்த குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டு இருந்தாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் ஸ்டீராய்டு வேண்டாம்னு எங்க டாக்டர் சொன்னதுக்கும் ஒரு காரணம் இருக்கு, அமெரிக்காவுல 140 குழந்தைங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2014-ல முடிவு சொன்னாங்க, அதிக அளவு ஸ்டீராய்டு குடுத்தும் பித்தம் இறங்கறதுல உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல, கடுமையான பக்க விளைவுதான் சீக்கிரமா வந்துச்சுன்னு. அந்த 140 குழந்தைங்களோட அப்பா அம்மாவும் என்ன மாதிரியே கை நடுங்கக் கையெழுத்து போட்டிருப்பாங்க. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது, அவங்களுக்கும் சேத்துதான் இந்த நன்றி.

இது இத்தோட முடியல, தெரியும். கசாய் நல்லபடியா ஆனாலும் நிறைய குழந்தைங்களுக்கு பின்னாடி மாற்று கல்லீரல் வேண்டியிருக்கும், இந்த நோய் ஏன் வருதுன்னே இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல. அதனால நானும் அவரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். ஒவ்வொரு செக்கப்புக்கும் எடுக்கற ரத்தத்துல ஒரு பங்கு ஆராய்ச்சிக்குப் போகட்டும்னு எழுதிக் குடுத்துட்டோம், பாப்பா பெரியவளானதும் அவ வேண்டாம்னா நிறுத்திக்கலாம். அப்புறம் யார் வீட்ல குழந்தை பிறந்தாலும் நான் கேக்கப்போற முதல் கேள்வி மோஷன் என்ன கலர்னுதான். வெளிறிப்போய் சாம்பலாவோ வெள்ளையாவோ போனாலும் சரி, ரெண்டு வாரம் தாண்டியும் கண்ணு மஞ்சளா இருந்தாலும் சரி, தானா சரியாயிடும்னு யார் சொன்னாலும் காத்திருக்காதீங்க, டைரக்ட் பிலிருபின் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. பயமா இருந்தா எனக்கு போன் பண்ணுங்க, ராத்திரி எந்நேரமானாலும் பரவால்ல, எடுக்கறேன்.