பாப்பாவுக்கு, வண்டி விஷயமாக

திருவையாறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் ஆபீஸ் விலாசத்துக்கு ஏன் எழுதுகிறார் என்று யோசிக்காதே. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வண்டி விஷயம்.

ஐப்பசி மழையில் ஷெட்டின் பின் சுவர் விரிசல் விட்டுவிட்டது. இடித்துக் கட்ட வேண்டுமென்றால் ஃபியட்டை வெளியே எடுத்தாக வேண்டும். மூன்று வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறது. நாலு பேர் தள்ளியும் நகரவில்லை. தம்பி போனில், "இரும்புக்குப் போட்டுட்டு இடத்தைக் காலி பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டான். அவனுக்கு அந்த வண்டியில் ஓட்டப் பழகியதோடு சரி. நீதான் பின் சீட்டில் உட்கார்ந்தபடியே, "அப்பா, ஒரு பிளக் அடிக்கலை" என்றவள். அப்போது உனக்குப் பதினொரு வயது. மெக்கானிக் பாய் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிளக்கில் கரி. பட்டறைக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் அதைச் சொல்கிறாராம். அவர் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா? அதனால் உன்னைக் கேட்காமல் முடிவு பண்ண மனசு வரவில்லை.

போன ஞாயிறு பாய் வந்திருந்தார். எழுபது தாண்டிவிட்டது, பேரன்தான் கொண்டுவந்து விட்டான். பானெட்டைத் திறந்தால் எலிக்கூடு. வயரிங்கைக் கடித்துக் குதறி வைத்திருக்கிறது. டேங்கில் துரு. கார்ப்பரேட்டரில் பழைய பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. வண்டி நகராததற்குக் காரணம் பிரேக்காம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் வீல் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகிவிட்டன. கிளட்ச் பிளேட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்புறம் நாலு பிளக்கையும் கழற்றி, அந்த ஓட்டைகளில் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்து ஃபேனைப் பிடித்துக் கையாலேயே சுற்றிப் பார்த்தார். முதலில் அசையவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் கொடுத்தது. மூன்றாம் தடவை முழுச் சுற்றும் சுற்றியது. "இன்ஜின் உயிரோட இருக்கு சார். மத்ததெல்லாம் பணம்தான்" என்றார்.

பணம் என்றால் 85,000 ஆகும். டிங்கரிங், பெயிண்ட் தனி. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஆகாது, ஓஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். பம்பாயில் நம் ஃபியட் மாதிரியே இருக்கிற பத்மினி டாக்சிகள் ஓடிய வரை சாமான் கிடைத்துக்கொண்டிருந்ததாம். 2023 அக்டோபரோடு கடைசி டாக்சியும் போய்விட்டது. இனிமேல் சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடிக்க வேண்டும் என்கிறார்.

காகிதமும் சரியில்லை. 1989 மாடல், எஃப்.சி. 2024இல் முடிந்துவிட்டது. இருபது வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி, இன்சூரன்ஸ் வேறு. இரும்புக்காரர் 22,000 தருகிறேன் என்கிறார். ஆர்.சி.யை ரத்து பண்ணாமல் கொடுத்தால் நாளைக்கு நமக்குத்தான் தலைவலி. கோயம்புத்தூரில் பழைய வண்டிகளை வாங்கிச் சரிபண்ணி வைத்துக்கொள்கிற ஒருவர், இருக்கிற நிலையிலேயே 60,000 கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். 1994இல் பி.எஃப். கடன் போட்டு நாம் வாங்கியதே அவ்வளவுக்குத்தான்.

கணக்குப் போட்டால் விற்பதுதான் சரி. எனக்கும் தெரிகிறது. ஆனால் ரிப்பேர் பண்ணி ஆர்.சி.யை உன் பெயருக்கு மாற்றிவிடலாமா என்றும் ஒரு யோசனை. பெண்பிள்ளைக்குத் தன் பெயரில் ஏதாவது இருக்க வேண்டும். உன் சம்பளம் உன் கணக்கில்தானே விழுகிறது? ஜாயிண்ட் கணக்கு இருந்தாலும் தனியாக ஒன்று வைத்துக்கொள். நகை லாக்கர் சாவி உன்னிடமே இருக்கட்டும்.

இதையெல்லாம் போனில் கேட்கலாம். நீ எடுத்தால்தானே. எடுத்தாலும் "நல்லா இருக்கேன்பா, மீட்டிங்ல இருக்கேன்". தீபாவளியன்று காலை ஏழு மணிக்குமா மீட்டிங்? அம்மா அன்றைக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கதவைத் தாழ் போட்டுக்கொள். தனிக் கணக்கு விஷயத்தை மறந்துவிடாதே.

ஃபியட் ஏன் நின்றது என்று யார் கேட்டாலும் பேட்டரி போய்விட்டது என்றுதான் சொல்லிவந்தேன். அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது பாப்பா. இரண்டு மாதம் முன்புதான் புதிதாகப் போட்டிருந்தேன்.

2022 புரட்டாசியில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பையோடு வந்தாய். நாலு நாள் அம்மா மாதிரியே நடந்துகொண்டாய், வெங்காயம் உரித்தாய், துணி மடித்தாய். நாலாம் நாள் ராத்திரி திண்ணையில் வந்து, "அப்பா, கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமா" என்று கேட்டாய். நான் "லீவு இருக்கா" என்று கேட்டேன். நீ கேட்டது லீவைப் பற்றி அல்ல என்று எனக்கு அப்போதே தெரியும். உன் கழுத்துப் பக்கம் பார்க்காமல் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் நானே போய் மைசூர் எக்ஸ்பிரஸில் தட்கல் டிக்கெட் எடுத்து வந்தேன். நீ கேட்கவே இல்லை.

சாயங்காலம் தஞ்சாவூர் வரை நான்தான் ஓட்டினேன். காவிரிப் பாலத்தில் தண்ணீர் எவ்வளவு போகிறது பார் என்றேன். குடமுருட்டியில் பெட்ரோல் விலை பேசினேன். வெட்டாறு தாண்டியதும், மாப்பிள்ளை பாவம், ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்றேன். வெண்ணாற்றுப் பாலத்தில் நீ ஜன்னல் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாய். வடவாறு வந்தபோது எனக்குப் பேச ஒன்றுமே கிடைக்கவில்லை. ஸ்டேஷனில் தயிர்சாதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "அனுசரிச்சுப் போம்மா" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

திரும்பி வந்து ஷெட்டில் நிறுத்தியவன், மறுநாள் சாவியை எடுத்தேன், போட முடியவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். பிறகு பேட்டரி என்று சொல்லிவிட்டேன். ஊர் என்ன நினைக்கும் என்று பயந்துதான் உன்னை அனுப்பினேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அக்காவுக்கு எங்கள் அப்பா செய்ததையேதான் நானும் செய்தேன். அத்தை கதை உனக்குத் தெரியும்.

ஆபீஸ் விலாசத்துக்கு ஏன் எழுதினேன் என்றால், அம்மா போட்ட வடகப் பார்சல் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. "விலாசதாரர் இங்கு இல்லை" என்று எழுதியிருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது. பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நீ எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், எதுவும் கேட்கவில்லை. வழக்கமாக விசாரிப்பவரை இந்தக் கடிதத்தில் விசாரிக்கவும் இல்லை. புது விலாசத்தை மட்டும் அனுப்பு. வடகம் நமத்துப்போவதற்குள் அனுப்ப வேண்டும்.

உன் அறையிலிருந்த நெல் மூட்டைகளைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். ஃபேனுக்குக் கண்டன்சர் போட்டாயிற்று. ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

வண்டியை விற்பதா வைத்துக்கொள்வதா, நீ வந்து பார்த்துச் சொல். கோயம்புத்தூர்க்காரரைப் பொங்கல் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். மைசூர் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூருக்கு விடியற்காலையில் வந்துவிடும். எந்த நாள் என்று மட்டும் சொல், முதல் பஸ்ஸில் வந்து பிளாட்பாரத்தில் நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா