கடையில் பார்த்த சந்தன நிறம் வீட்டில் ஏன் மாறுகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களில் பலர் இப்போது ஹாலுக்கு ‘பெய்ஜ்’ கேட்கிறார்கள். சந்தனம், பிஸ்கட் கலர், க்ரீம் என்று நாம் சொல்லும் இளம்பழுப்புதான். எந்த வீட்டுக்கும் பொருந்தும் என்று நம்பி, கடையில் காட்டும் நிற அட்டையில் விரலை வைத்து வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இது இடத்துக்கு இடம் மிகவும் மாறித் தெரியும் நிறம்.

காரணம் அதன் கலவை. வெள்ளை பேஸில் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இதை உண்டாக்குகிறார்கள். சிவப்பு சற்றுக் கூடினால் சுவரில் ரோஜா நிறம் எட்டிப் பார்க்கும். கறுப்பு கூடினால் மஞ்சளோடு சேர்ந்து பச்சை தட்டும். இரண்டு அங்குல அட்டையில் இது தெரியாது. நான்கு சுவர்களிலும் அடித்த பிறகு, ஒரு சுவரின் ஒளி இன்னொன்றில் பட்டு அந்தச் சாயல் கூடிவிடும். அட்டையை ஒரு வெள்ளைத் தாள்மேல் வைத்து, பக்கத்தில் வேறு இரண்டு பெய்ஜ் அட்டைகளையும் வைத்துப் பாருங்கள். எது சிவப்பு, எது பச்சை என்பது அப்போதே பிடிபடும்.

அடுத்தது தரை. செட்டிநாட்டுச் சிவப்பு ஆத்தங்குடிக் கல்லோ சிவப்பு ஆக்சைடு தரையோ உள்ள வீட்டில், வெயில் தரையில் பட்டுச் சுவரின் கீழ்ப்பாதியைச் சிவக்க வைக்கும். அங்கே ரோஜா சாயல் வேண்டவே வேண்டாம். மஞ்சள் சாயல்தான் சரி. ஐவரி டைல்ஸ் என்றால் சுவர் தரையைவிட ஒரு படியாவது அடர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறமானால் அறை வெளிறிப்போகும். தேக்குக் கதவுக்கு இந்த நிறம் மிக அழகு. சீலிங்குக்கு நீலம் கலந்த பளிச் வெள்ளையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் பக்கத்தில் சந்தனச் சுவர் அழுக்காகத் தெரியும்.

விளக்கும் முக்கியம். பல்பு ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடக் கூட ஒளி நீலம் தட்டும். 6500 கெல்வின் எல்.இ.டி. பல்பின் கீழ் இந்த நிறம் சாம்பல் படிந்தது போலாகிவிடும். ஹாலுக்கு 3000 முதல் 4000 கெல்வின் வரை போதும். ஒரே அறையில் இரண்டு வகையையும் கலந்து போடாதீர்கள்.

எனவே, 2 அடிக்கு 2 அடி பலகையில் இரண்டு கோட் அடித்து, தரையைத் தொட்டபடி நிறுத்தி, காலையிலும் மாலையிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். பழைய சுவரிலேயே ஒரு மூலையில் அடித்துப் பார்ப்பது பயன்படாது, சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணைக் குழப்பிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவரில் மார்கழியில் அவசரமாக அடிப்பதுதான் பெரிய தவறு. வெளிர்பெய்ஜில் ஓதம் பழுப்புத் திட்டாகவும், உப்பு வெள்ளைப் பூப்பாகவும் அப்படியே காட்டிக்கொடுக்கும். ஒன்றரை அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரவு விடுங்கள். உள்ளே நீர் முத்து கட்டினால் சுவர் இன்னும் காயவில்லை. புது சிமென்ட் பூச்சு காயக் குறைந்தது 28 நாள் வேண்டும். பட்டி பார்த்துத் தேய்த்த இடத்தில் பிரைமர் விட்டுப்போனால், அங்கே மட்டும் பெயிண்டை உறிஞ்சித் திட்டுத்திட்டாகத் தெரியும்.

12க்கு 14 அடி ஹாலுக்கு, 10 அடி உயரம் என்றால், கதவு ஜன்னல் கழித்துச் சுமார் 440 சதுர அடி. நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 4 லிட்டர் ஆகும். 5 லிட்டராக ஒரே தடவையில் கலக்கச் சொல்லி வாங்குங்கள். இரண்டு டப்பா என்றால் ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். மறுபடி கலக்கும்போது துளி வித்தியாசம்கூட இந்த நிறத்தில் தெரியும்.

பெயிண்ட் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: அட்டை காட்டும் மேசைமேல் 3000 கெல்வின் பல்பு ஒன்றும் 6500 கெல்வின் பல்பு ஒன்றும் தனித்தனி சுவிட்சோடு மாட்டி வையுங்கள்.

— உள் அலங்கார வடிவமைப்பாளர், திருச்சி