தப்பான விடையையும் பதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடைமழையில் பள்ளி மூடினால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் வாட்ஸ்அப்பில் கூகுள் படிவம் அனுப்பித் தேர்வு வைக்கும் பழக்கம் நம் கடலோரத்திலும் தொற்றிக்கொண்டது. 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இரண்டு மூன்று சரியாகிவிடும். மிச்சத்தை அக்கா பார்த்துக்கொள்வாள்.

32இல் 15 போனால் எவ்வளவு? ஒரு பிள்ளை 23 என்கிறது, இன்னொன்று 27 என்கிறது. படிவத்துக்கு இரண்டும் பூஜ்யம். முதல் பிள்ளை, 2இல் 5 போகாததால் 5இல் 2ஐக் கழித்திருக்கிறது. கடன் வாங்கவே தெரியவில்லை. இரண்டாவது கடன் வாங்கிவிட்டுப் பத்தைக் குறைக்க மறந்திருக்கிறது. இருவருக்கும் ஒரே பாடத்தைத் திருப்பி நடத்துவது வீண். வீடியோ அழைப்பில் கிளிஞ்சல்களை மூன்று பத்துக் குவியல், இரண்டு உதிரி என அடுக்கச் சொல்லுங்கள். 15ஐ எடுக்கும்போது ஒரு குவியலைத் தானாகக் கலைக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வாசிப்புக்கு முன்கூட்டியே பாடம் அனுப்பினால் மனப்பாடம்தான் கேட்கும். அழைப்பு வந்தபின் 20 சொற்களைத் திரையில் காட்டி, ஒரு நிமிடம் வாசிக்கவிடலாம். மூன்று வினாடி திணறினால் அடுத்த சொல். படம்–பட்டம், குடம்–கூடம், கொடி–கோடி என்று இணையாகக் கலந்து வைத்தால், தடுமாற்றம் ஒற்றிலா, நெடிலிலா, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பிலா என்பது தெரிந்துவிடும். சொல்வதெழுதுதல் மட்டும் போனில் வேண்டாம். விட்டுவிட்டு வரும் சிக்னலில் வலையும் வளையும் ஒன்றுதான். பிள்ளை காதில் விழுந்ததைத்தானே எழுதும்? படத்தைக் காட்டி எழுதச் சொல்லலாம்.

ஒரு பிள்ளைக்கு 6 நிமிடம். 20 பேருக்கு இரண்டு மணி நேரம். நாளுக்கு ஐந்து பேர் என்றால் நான்கு நாள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் அப்பாவும் போனும் வீட்டில் இருப்பார்கள், கரண்ட் இருக்காது! அதனால் காலையிலேயே அழைப்பது நல்லது. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் சொற்பட்டியலை மாற்றிவிடுங்கள்; சின்னது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தது. மதிப்பெண்ணை மட்டும் வைத்து அந்த நிலையைக் கண்டுபிடிக்க முடியாது. இணையவழித் தேர்வு வைப்பவர்கள் மதிப்பெண் கட்டத்துக்குப் பக்கத்தில், பிள்ளை எழுதிய விடையை அப்படியே பதிய இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.