வாளி நிறைய நீலம்

பழைய வண்ணாரப்பேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள கலா,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ திட்டும் முன் நானே திட்டிக்கொண்டேன். மாமாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாகப் பேபி அக்கா சொன்னாள். இங்கே எல்லாரும் நலம். இனி என் கதை.

எம்.சி. ரோட்டில் மொத்தமாகப் புடவை எடுத்து, மாடிக் கொடியில் போட்டுப் படம் பிடித்து, இன்ஸ்டாகிராமில் விற்கிறேன் அல்லவா? போன மாதம் தென்காசியிலிருந்து ஓர் அம்மாள் நீலப் புடவை வாங்கினார். 'சாயம் போகாது' என்று போட்டிருந்தேன். கடைக்காரர் சொன்னார், நான் எழுதினேன். பத்தாம் நாள் ஒரு வீடியோ வந்தது: வாளி நிறைய நீலத் தண்ணீர், அதிலிருந்து அவர் தூக்கிப் பிடித்த வெள்ளை உள்பாவாடையும் நீலம். 'பார்சலைப் பிரிக்கும் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது' என்று வழக்கமான பதிலைத் தட்டிவிட்டேன். பார்சலைப் பிரிக்கும்போதா சாயம் போகும்? அவர் மறுபடி கேட்டார். பிளாக் செய்துவிட்டேன். சிரிக்காதே.

இரண்டு நாள் கழித்து வேறு எண்ணிலிருந்து நான்கே வரி. கோபமே இல்லை, அதுதான் வயிற்றைக் கலக்கியது. 2020 மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமாம், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டுமாம். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத சரக்கைத் திரும்ப வாங்க மறுக்கவும் கூடாதாம்.

வீட்டிலிருந்து விற்பவளுக்கு ஏது சட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். உட்கார்ந்து படித்தால், எப்போதோ சொந்தப் பொருளை விற்பவரைத்தான் விட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து வியாபாரமாகச் செய்தால் நாமும் உள்ளேதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் தென்காசியிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் வேண்டாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. 1,150 ரூபாய்ப் புடவைக்காக நான் பொதிகை எக்ஸ்பிரஸில் வாய்தாவுக்குப் போவதை நினைத்துப் பார்.

படிக்கப் படிக்க என் ஜாதகமே அதில் இருந்தது. பதினான்கு புடவையை வைத்துக்கொண்டு 'இன்னும் இரண்டே' என்று போடுவேனே, 2023இல் வந்த வழிகாட்டுதலில் அடுக்கியிருக்கும் 13 இணைய விற்பனைத் தில்லுமுல்லுகளில் முதலாவதே அந்தப் பொய் அவசரம்தான். நாத்தனாரை வாங்கியவள்போல் 'அருமையான தரம்' என்று எழுத வைத்தேன், அதுவும் தப்பு. 'விலைக்கு இன்பாக்ஸ்' என்பதும் செல்லாது. தபால் செலவு உட்பட மொத்த விலையை வெளியே போட வேண்டும்.

கலா, எட்டாம் வகுப்பில் என் தாவணி நினைவிருக்கிறதா? அம்மா அதை ஈரத்தோடு கொண்டுபோய்க் கடை மேஜையில் பிழிந்தாளே, சாயம் பில் புத்தகத்தின் மேல் ஓடியதே? 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது' பலகைக்குக் கீழே நாம் இருவரும் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றோம். அந்தப் பலகையை இப்போது நான் மாட்டியிருக்கிறேன். சட்டத்தைப் படித்த அன்று இரவு தூக்கமே வரவில்லை.

பணத்தையும் கூரியர் செலவையும் அனுப்பிவிட்டேன். 'சரி, நன்றி' என்று மட்டும் பதில். என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் குறைதீர்ப்பு அலுவலர் என்று என் பெயரையே போட்டிருக்கிறேன். இவர் 'அலுவலர் அம்மா, காபி கிடைக்குமா?' என்கிறார்.

மிச்சம் பதின்மூன்று நீலப் புடவைகள். மொத்தக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். அவர்மேல் நான் நுகர்வோர் வழக்கும் போட முடியாது, தெரியுமா? மறுபடி விற்பதற்காக வாங்குபவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே இல்லை. ஆகவே நாளைக் காலை ஒன்றை நனைத்து எடுத்துக்கொண்டு எம்.சி. ரோட்டுக்குப் போகிறேன். அம்மா தானும் வருகிறேன் என்கிறாள்.

உன்
சாந்தி