கேலக்ஸிகளின் வாயுவைப் பறிப்பது மோதல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈர்ப்பால் கூடி நிற்கும் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளின் கூட்டமான கேலக்ஸிக் கொத்துகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 'நெரிசலில் கேலக்ஸிகள் ஒன்றோடொன்று மோதி வாயுவை இழக்கின்றன. அதனால் புதிய விண்மீன்கள் பிறப்பதில்லை' என்கிறது. கொத்துகளில் விண்மீன் பிறப்பு நின்றுபோவது உண்மைதான். ஆனால் சொல்லப்பட்ட காரணம் பெரும்பாலும் பொருந்தாது.

கணக்குப் போட்டாலே தெரியும். கோமா கொத்தில் கேலக்ஸிகள் நொடிக்கு 1,000 கி.மீ. அளவிலான வேகத்தில் திரிகின்றன. அந்த வேகத்தில் ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள கேலக்ஸியைக் கடக்க 3 கோடி ஆண்டுகள் போதும். நம் சூரியன் பால்வெளியை ஒருமுறை சுற்றிவரவே 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆக, கேலக்ஸியின் வட்டு கால் சுற்றுகூடத் திரும்புவதற்குள் சந்திப்பு முடிந்துவிடும்; இரண்டும் இணைய அவகாசமே இல்லை. நொடிக்கு 200, 300 கி.மீ. வேகமுள்ள சிறு குழுக்களில்தான் மோதி இணைவது சகஜம். கொத்துக்குள் திரும்பத் திரும்ப நடக்கும் உரசல்கள் சிறிய கேலக்ஸிகளைக் குலைப்பதுண்டு. பெரியவற்றுக்கு அது இரண்டாம்பட்சம்.

உண்மையான காரணம் கேலக்ஸிகளுக்கு இடையே உள்ளது. அந்த இடம் வெற்றிடமல்ல. 1 கோடி முதல் 10 கோடி டிகிரி வரை சூடான, எக்ஸ் கதிரில் மட்டுமே பளிச்செனத் தெரியும் வாயு அங்கே நிரம்பியிருக்கிறது. லிட்டருக்கு ஒரு புரோட்டான் என்ற அளவுக்கு மெல்லியது. ஆனாலும் அதற்குள் பாய்ந்து வரும் கேலக்ஸிக்கு அது எதிர்க்காற்றுதான். காற்றே வீசாத நாளிலும் பைக்கில் போகிறவரின் முகத்தில் காற்று அறைவதைப் போல. வானியலாளர்கள் ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் இருவரும் 1972-இல் இதைச் சூத்திரமாக்கினார்கள்: அழுத்தம் = வாயுவின் அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

இந்த அழுத்தத்துக்கு எதிராக வாயுவைப் பிடித்து வைத்திருப்பது வட்டின் ஈர்ப்பு. வட்டில் ஒரு சதுர ஒளியாண்டுப் பரப்பில் 10 சூரிய நிறைக்கு விண்மீன்களும் 1 சூரிய நிறைக்கு வாயுவும் இருப்பதாகக் கொள்வோம். மேலே சொன்ன அடர்த்தியிலும் வேகத்திலும் தள்ளும் விசையும் பிடிக்கும் விசையும் ஏறத்தாழச் சமமாக நிற்கும். அதைவிட மெலிந்த வெளி விளிம்பு முதலில் உரிந்துபோகும். அடர்ந்த நடுப்பகுதி தப்பும். விண்மீன்களை அந்தக் காற்று அசைக்காது, வாயுவை மட்டுமே வாரிக்கொண்டு போகும். ஆகவே விண்மீன் பிறப்பு வெளியிலிருந்து உள்நோக்கி நிற்கிறது. விர்கோ கொத்தின் என்.ஜி.சி. 4522-இல் இதை நேரடியாகவே பார்க்கலாம்: விண்மீன் வட்டு முழுதாக இருக்கிறது, வெளிவட்டில் மட்டும் வாயு இல்லை. அந்தக் கேலக்ஸி இருப்பதோ கொத்தின் மையத்திலுள்ள ராட்சதக் கேலக்ஸியான எம் 87-இலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் ஒளியாண்டு தள்ளி. அங்குள்ள மெல்லிய வாயு அசையாமல் கிடந்தால் இவ்வளவு உரிக்க முடியாது. கொத்தின் வாயுவும் தன் பங்குக்கு வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் ஊகம்.

கட்டுரை தொடாத இரண்டாவது வழி மெதுவானது. என் கணிப்பில் அதிகக் கேலக்ஸிகளை முடக்குவது அதுதான். பால்வெளியையே எடுத்துக்கொள்வோம். விண்மீன் பிறப்பதற்கு வேண்டிய குளிர்ந்த மூலக்கூறு வாயு கையிருப்பில் 100 கோடி சூரிய நிறை அளவுக்கு இருக்கிறது. செலவு ஆண்டுக்கு ஒன்று, இரண்டு சூரிய நிறை. வெளியிலிருந்து வரத்து இல்லாவிட்டால் கையிருப்பு 100 கோடி ஆண்டுகள் தாங்குவதே கடினம். பால்வெளி அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் காலம் தாங்கியிருக்கிறதென்றால், அதைப் போர்வைபோல் சூழ்ந்துள்ள மெல்லிய வாயு ஒளிவட்டத்திலிருந்து வரத்து தொடர்கிறது என்று பொருள். கொத்துக்குள் நுழையும் கேலக்ஸி முதலில் இழப்பது தளர்வாகப் பிடிக்கப்பட்ட இந்த ஒளிவட்டத்தைத்தான். லார்சன், டின்ஸ்லி, கால்டுவெல் மூவரும் 1980-இல் சொன்ன யோசனை இது. பிறப்பு உடனே நிற்காது. வெட்சலும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் கணித்தபடி, நுழைந்த பின் 200 முதல் 400 கோடி ஆண்டுகள் வரை வழக்கம்போல் நடந்து, பிறகு மளமளவென அடங்கும். குறுகிய ஆயுளுள்ள நீல விண்மீன்கள் அழிய, கேலக்ஸி சிவக்கும்.

கருந்துளையையும் கட்டுரை எல்லாக் கேலக்ஸிகளுக்கும் பொதுவான குற்றவாளியாக்கிவிட்டது. எம் 87 போன்ற மையத்து ராட்சதர்களில் கருந்துளையின் அருகிலிருந்து பீறிடும் பீச்சு, சுற்றியுள்ள சூடான வாயு குளிர்ந்து விழாமல் தடுக்கிறது, சரி. உரிபடும் கேலக்ஸிகளிலோ வரிசை தலைகீழாகவும் அமையலாம். போஜியான்டி தலைமையிலான குழு 2017-இல் பார்த்த ஏழு 'ஜெல்லி மீன்' கேலக்ஸிகளில் (உரிந்த வாயு வால்போல் நீண்டவை) பெரும்பாலானவற்றில் கருந்துளை விழித்திருந்தது. எதிர்க்காற்றே வாயுவை மையத்துக்குத் தள்ளி அதற்குத் தீனி போட்டிருக்கக்கூடும் என்பது அவர்கள் விளக்கம். வாயு நசுங்குவதால் பிறப்பு நிற்பதற்கு முன் கொஞ்ச காலம் கூடுவதும் உண்டு. அபெல் 85 கொத்தின் ஜே.ஓ. 201 கேலக்ஸியை நம் நாட்டு அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கி பார்த்தபோது, உரிந்த வாயுவிலேயே இளம் விண்மீன் முடிச்சுகள் தெரிந்தன.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். ஈ.எஸ்.ஓ. 137-001 என்ற கேலக்ஸியின் நீண்ட வாலை 'கருந்துளை கக்கும் தீப்பிழம்பு' என்கிறது படக்குறிப்பு. நார்மா கொத்துக்குள் விழும்போது உரிந்த வாயு அது; எக்ஸ் கதிரில் அதன் நீளம் 2 லட்சம் ஒளியாண்டுக்கு மேல். வாலுக்கு எதிர்த்திசையில் கேலக்ஸி போகிறது. வாலில் தெரியும் நீலக் கீற்றுகள் அங்கேயே பிறந்த விண்மீன்கள். இணையப் பதிப்பிலாவது இந்தக் குறிப்பைத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலி