கழுவிய கைக்கு ஒரு விரல்நுனிக் களிம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா வந்ததிலிருந்து 'அடிக்கடி கை கழுவுங்கள்' என்று பார்க்கிற சுவரிலெல்லாம் எழுதியாகிவிட்டது. கழுவிக் கழுவி விரல் முட்டிகள் சிவந்து, தோல் வெடித்து, தண்ணீர் பட்டாலே எரிகிற நிலைக்கு வந்தவர்களிடம் மேற்கொண்டு என்ன செய்வது என்று எந்தச் சுவரும் சொல்லவில்லை. கழுவுவதைக் குறைக்க வேண்டாம். முறையை மாற்றினால் போதும்.

கொரோனா வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துத்தான் வைரஸை அழிக்கிறது. நம் தோலின் மேலடுக்கைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பதும் கொழுப்பே என்பதால், அதையும் சோப்பு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுகிறது. வெந்நீர் என்றால் இன்னும் சீக்கிரம் போய்விடும். கை பொறுக்கிற சூட்டுக்கு வைரஸ் சாகாது; ஆகவே பச்சைத் தண்ணீரே போதும். துணி சோப்பு, பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டும் கைக்கு ஆகாது. குளியல் சோப்பு வாங்கும்போது உறையில் டி.எஃப்.எம். (சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு) என்ற எண்ணைப் பாருங்கள். 76 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பது முதல் தரம்.

சானிடைசர் போட்டால் எரிகிறது, அதுதான் கையைக் கெடுத்தது என்று பலர் மறுபடி சோப்புக்கே போகிறார்கள். பெரும்பாலும் நடந்தது வேறு. சோப்பும் ஈரமும் ஏற்கெனவே தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கியிருக்கும். ஆல்கஹால் அங்கே பட்டதும் சுரீரென்கிறது. அழுக்கோ பிசுக்கோ இல்லாத கைக்கு, கிளிசரின் சேர்ந்த சானிடைசர் சோப்பைவிட இதமானது. கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும் சாப்பிடும் முன்பும் சோப்பு. மற்ற நேரங்களில் சானிடைசர் என்று வைத்துக்கொள்ளலாம். 20 முதல் 30 வினாடி கை நனைந்தே இருக்கும் அளவு ஊற்றி, தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். சோப்பு போட்ட ஈரக் கையில் உடனே சானிடைசரும் ஊற்றினால் மருந்தும் நீர்த்துப்போகும், தோலுக்கும் இரட்டை அடி. காயாத கையோடு அடுப்புப் பக்கம் போகவே கூடாது.

சானிடைசரைச் சொந்தமாகத் தயாரிக்கும் கல்லூரிகளும் சுய உதவிக் குழுக்களும் கிளிசரினை விட்டுவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8,333 மி.லி., 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98 சதவீத கிளிசரின் 145 மி.லி.; மீதி கொதித்து ஆறிய நீர். கலந்து 72 மணி நேரம் வைத்திருந்த பிறகே பயன்பாட்டுக்கு. பிசுபிசுக்கிறது என்று அந்த 145 மி.லி.யைக் கழித்தால் கையில் ஊற்றுவது வெறும் ஸ்பிரிட்.

கழுவியபின் விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். மோதிரத்தைக் கழற்றிப் பாருங்கள்: அதன் அகலத்துக்கே ஒரு சிவப்புப் பட்டை இருந்தால், அநேகமாக அடியில் தங்கிய சோப்பும் ஈரமும்தான் காரணம். லேசான ஈரம் இருக்கும்போதே களிம்பு தடவ வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது ஒரு கையின் இருபுறத்துக்கும் சரியாக இருக்கும். வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி மலிவு, நம்பகமானது. தேங்காய் எண்ணெயும் நல்லதே. இரவில் தாராளமாகத் தடவி, பருத்திக் கையுறை போட்டுத் தூங்கினால் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும்.

வெடித்த கையில் எலுமிச்சை, உப்பு, தண்ணீர் கலக்காத கிருமிநாசினி, பிளீச்சிங் கரைசல் இவை வேண்டவே வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளும் அப்படியே. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், அரிப்பு படர்தாமரையாக இருந்தால் இன்னும் பரவும். சீழ், மஞ்சள் பொருக்கு, வீக்கம், கையுறை முடியும் மணிக்கட்டுவரை தடிப்பு, இரண்டு வாரமாகியும் ஆறாத வெடிப்பு இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நாள் முழுதும் ரப்பர் கையுறைக்குள் வியர்வையோடு வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களின் கைகள்தான் எங்களுக்குப் பெரிய கவலை. எண்ணெயும் ஜெல்லியும் ரப்பரை இளக்கிவிடும் என்பதால் அவற்றை வேலை முடிந்த பிறகே தடவ முடியும். வேலை நேரத்தில் உள்ளே ஒரு பருத்திக் கையுறை தேவை. இரு கைக்கும் ஒரு தடவைக்கு 1 கிராம், நாளுக்கு 4 தடவை என்றால் ஆளுக்கு மாதம் 120 கிராம் ஜெல்லி. சோப்பு, முகக்கவசம் வழங்கும் உள்ளாட்சி அமைப்புகள் இதையும் இரண்டு ஜோடி பருத்திக் கையுறையையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தோல் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள்,
மதுரை.